குடலின் அழுக்கும் உயிரின் மாசும்

நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கின்றோம். உண்ணத்தகாதன என நம் நூல்கள் விலக்கியவற்றை நாமும் விலக்குகின்றோம். இவை யாவும் கொல்லாமையின் பொருட்டு ஏற்பட்ட ஒழுக்கங்களே. ஆயினும் நாளடைவில் இவற்றைத் தூய்மை என்னும் பெயராலேயே வழங்கப் பழகிவிட்டோம். இத்தகைய மக்களிடம் ஒருவர் வந்து, உங்கள் குடலுக்குள் ஆண்டுக்கணக்காக அழுக்கு ஒட்டிக்கிடக்கின்றது, அதைக் கழுவி வெளியேற்றுங்கள் என்று சொன்னால், அச்சொல் எளிதில் மனத்தில் தைத்துவிடும். இன்று அவ்வாறே பலர் சொல்கின்றனர். கடைகளில் விற்கும் பொடிகளும், மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களும், நீர் பாய்ச்சிக் குடல் கழுவும் நிலையங்களும், கைப்பேசியில் நாள்தோறும் வந்து சேரும் காணொளிகளும் இதனையே ஓதுகின்றன.

நம்மவர் கூடும் இடங்களிலும் ஓர் உவமை செவியில் விழுகின்றது. உயிரில் வினை ஒட்டுவது போலக் குடற்சுவரில் கழிவு ஒட்டுகின்றதாம். உண்ணாநோன்பு உயிரினின்று வினையை உதிர்ப்பது போலக் குடலினின்று நஞ்சை உதிர்க்கின்றதாம். கேட்பதற்கு இனிய உவமைதான். ஆனால் உவமை இனிதாயிருப்பது வேறு, உண்மையாயிருப்பது வேறு. ஆகவே இரண்டு வினாக்களை எழுப்பி ஆராய்வோம். குடலில் அவ்வாறு அழுக்கு ஒட்டிக்கிடப்பது மெய்தானா? உடலைக் கழுவித் தூயதாக்கிவிடலாம் என்னும் எண்ணம் நாம் ஏற்றுக்கொண்ட அறத்தோடு பொருந்துமா?

குடல் குழாயன்று

குடலை வீட்டுக் கழிவுநீர்க் குழாயோடு ஒப்பிடுவதிலேயே பிழை தொடங்குகின்றது. குழாய் உயிரற்றது, பாசி பிடித்தால் அதனைத் தானே உதிர்க்க அறியாது. குடலோ உயிருள்ள தசையால் ஆனது. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமும், பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமும் உடையன. இவற்றின் சுவர் அலையலையாகச் சுருங்கி விரிந்து, உள்ளிருப்பதை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றது. சுவரின் உட்புறம் வழவழப்பான சளிப்படலம் மூடியுள்ளது. அங்குள்ள செல்கள் ஏறத்தாழ 3 முதல் 7 நாள்களுக்குள் உதிர்ந்து, புதிய செல்கள் அவ்விடத்தைப் பெறுகின்றன. வாரந்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் சுவரில் பத்தாண்டு அழுக்கு ஒட்டிக்கிடக்க இடமேது?

உண்ட உணவின் எச்சம் வெளியேறப் பொதுவாக 1 முதல் 3 நாள்கள் ஆகும். நாளொன்றுக்கு 3 முறை கழிப்போரும் உண்டு. வாரத்துக்கு 3 முறை மட்டும் கழிப்போரும் உண்டு. துன்பமின்றி நிகழுமாயின் இவ்விரண்டும் இயல்பே என்பது மருத்துவர் கருத்து. மலத்தில் முக்கால் பங்கு நீர். எஞ்சிய திடப்பொருளில் பெரும்பகுதி குடலில் வாழும் நுண்ணுயிர்களும், செரியாத நாரும், உதிர்ந்த செல்களுமே. ஆதலின், உண்ணாநோன்பின் மூன்றாம் நாளிலும் சிலருக்கு மலம் கழிவதைக் கண்டு, பழைய அழுக்கு வெளியேறுகின்றது என்று எண்ணுதல் தவறு. உணவு செல்லாத போதும் செல்கள் உதிர்கின்றன, நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. வெளிவருவது பெரும்பாலும் அண்மையில் உண்டானதே.

இவ்வுண்மையைக் கண்ணால் கண்டவர்களும் உளர். கொலோனோஸ்கோபி என்னும் கருவியால் பெருங்குடலின் உட்புறத்தை மருத்துவர்கள் நேரில் பார்க்கின்றனர். அதற்கு முன் பேதி மருந்து கொடுத்துவிடுவதால் அழுக்கு போயிருக்கும் என்று சிலர் கூறக்கூடும். விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு அவ்வாறு எவரும் மருந்து கொடுப்பதில்லை. அத்தகையோரின் வயிற்றைத் திறந்த அறுவை மருத்துவர்களும், இறந்தோரின் உடலைக் கூறிட்டு ஆய்வோரும், குடற்சுவரில் ஆண்டுக்கணக்கான பொருக்கு ஒட்டிக்கிடப்பதைக் கண்டதில்லை. உடலில் தோன்றும் தீய பொருள்களை மாற்றி வெளியேற்றும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் ஓய்வின்றிச் செய்து வருகின்றன.

இக்கருத்து எங்கிருந்து வந்தது?

மலம் உடலில் தங்கினால் அது நஞ்சாகிக் குருதியில் கலக்கும் என்னும் அச்சம் மிகப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது அறிவியல் உடை உடுத்தி வந்தது. 1887-இல் பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் பூஷார், உடல் தன்னைத்தானே நஞ்சூட்டிக்கொள்கின்றது என்னும் கொள்கையை நூலாக வெளியிட்டார். 1908-இல் நோபல் பரிசு பெற்ற எலீ மெச்னிகாஃப், பெருங்குடலைத் தீங்கு விளைக்கும் உறுப்பாகவே கருதினார். இலண்டனில் வில்லியம் ஆர்பத்னாட் லேன் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கல் உற்றோர் பலரின் பெருங்குடலையே அறுத்தெடுத்தார். நஞ்சு ஊறும் இடத்தை நீக்கினால் நோய் நீங்கும் என்பது அவர் துணிபு.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் நகரில் நலவாழ்வு நிலையம் நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக் (1852–1943) இக்கருத்தைப் பெரிதும் பரப்பினார். குடலுக்குள் நீர் பாய்ச்சிக் கழுவுதல் அங்கு அன்றாடச் சிகிச்சை. இவர் புலால் மறுத்தவர். பிறரும் மறுக்க வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் எழுதியும் பேசியும் வந்தவர். அதனால் நம்மனோர்க்கு அவர்பால் மதிப்புத் தோன்றுவது இயல்பு. ஆயினும், ஒன்றில் சரியாக உரைத்தவர் அனைத்திலும் சரியாக உரைப்பார் என்று கொள்வது பற்றாகுமேயன்றி ஆராய்ச்சியாகாது.

1919-இல் வால்டர் ஆல்வரஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் எளியதொரு காரணத்தால் இக்கொள்கையை அசைத்தார். மலச்சிக்கல் உற்றவருக்குத் தலைவலியும் சோர்வும் மந்தமும் உண்டாதல் மெய். ஆனால் மலம் கழிந்தவுடனே அவை நீங்கிவிடுகின்றன. குருதியில் நஞ்சு கலந்திருக்குமாயின் அவ்வளவு விரைவில் நீங்குமா? நீங்காது. ஆகவே அத்துன்பத்துக்குக் காரணம் நஞ்சன்று. மலக்குடல் நிறைந்து விரிந்து அழுத்துவதே என்றார். மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்த போதும் அதே துன்பங்கள் தோன்றின. பஞ்சில் நஞ்சு ஏது? இதன் பின்னர் மருத்துவ நூல்களினின்று அக்கொள்கை மெல்ல மறைந்தது. வணிகத்தினின்று மட்டும் மறையவில்லை.

கண்டதும் காரணமும்

"நாங்கள் கண்ணாலேயே கண்டோம், மருந்து உண்டபின் கயிறு போலக் கறுத்த அழுக்கு வெளிவந்தது" என்பார் உளர். அவர்கள் கண்டது பொய்யன்று. கண்டதற்குக் கற்பித்த காரணமே பொய். குடலைச் சுத்தம் செய்வதாகக் கூறும் சில பொடிகளில் இசப்கோல் உமியும் பெண்டோனைட் என்னும் களிமண்ணும் கலந்துள்ளன. இவை நீரை ஈர்த்துப் பருத்துக் கூழாகி, குடலையே அச்சாகக் கொண்டு நீண்ட கயிறாக வெளிவருகின்றன. உண்டவர் அதனைத் தம் பழைய அழுக்கு என்று நம்பி மேலும் ஒரு பொட்டலம் வாங்குகின்றார். அழுக்கு உண்டென்று காட்டும் சான்றையும் அப்பொடியே செய்து தருகின்றது. பேதிக்குப் பின் எடை குறைவதும் இத்தகையதே. போனது நீரும் குடலில் இருந்த எச்சமும். உண்டு பருகியபின் அவ்வெடை மீண்டுவிடும்.

பயனில்லை என்பதோடு முடிந்தால் பொருட்செலவு என்று விட்டுவிடலாம். தீங்கும் உண்டு. மூலிகைத் தேநீர் பலவற்றில் இருப்பது திருநெல்வேலிச் சீமையில் விளைந்து அயல்நாடுகளுக்கும் செல்லும் நிலாவரையே. அது நல்ல பேதி மருந்து. அளவறிந்து சில நாள் உண்ணத்தக்கது. மாதக்கணக்கில் உண்டால் உடலின் நீரும் பொட்டாசியம் முதலிய உப்புகளும் வடிந்துபோகும். இதய நோயும் சிறுநீரக நோயும் உடைய முதியோர்க்கு இது உயிருக்கே இடராகலாம். நீர் பாய்ச்சும் கருவியால் குடலில் புண்ணும் துளையும் உண்டான நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. 1978 முதல் 1980 வரை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு சிகிச்சை நிலையத்தில் கருவி சரிவரத் தூய்மை செய்யப்படாமையால், குறைந்தது 36 பேருக்கு அமீபா நோய் தொற்றியது. அவர்களுள் 10 பேருக்குப் பெருங்குடலை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. 6 பேர் இறந்தனர். தூய்மை தேடிச் சென்ற இடத்திலேயே அவர்கள் நோயைப் பெற்றனர்.

மருத்துவர் தம் பொறுப்பில் தரும் பேதி மருந்தையோ, எனிமாவையோ நாம் குறை கூறவில்லை. அறுவைக்கும் பரிசோதனைக்கும் முன்னர்க் குடலை வெறுமையாக்கல் தேவை. மலம் இறுகி அடைத்துத் துன்புறும் முதியவருக்கு எனிமா பெரும் உதவி. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் பேதியை ஒரு சிகிச்சையாகக் கூறுகின்றன. அதனை முறையாகப் பயின்றவர் நோயும் வயதும் வலிமையும் நோக்கியே தருவர். நோயில்லாத எல்லாரும் அஞ்சி வாங்கி உண்ணவேண்டிய சரக்காக அதனை ஆக்குவதே தவறு.

உடலும் உயிரும்

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். நமக்கு இதுவே முதன்மையானது.

வினை உயிரில் ஒட்டுவது போலக் கழிவு குடலில் ஒட்டுகின்றது என்னும் உவமை எங்கே பிழைக்கின்றது? உயிர் தன் இயல்பில் தூயது. அறிவும் காட்சியும் அதன் குணங்கள். வினை அதற்கு அயலானது. புறத்தேயிருந்து ஊற்றாக வந்து கட்டுவது. அயலானதாகையால்தான் அதனைச் செறிப்பால் தடுக்கவும் உதிர்ப்பால் நீக்கவும் இயலுகின்றது. நீக்கியபின் எஞ்சுவது தூய உயிர், அதுவே வீடு. உடலின் நிலை முற்றும் வேறு. குருதியும் கொழுப்பும் மலமும் சளியும் உடலுக்கு அயலாக வந்து ஒட்டியவையல்ல; உடல் என்பதே அவற்றின் தொகுதி. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சி நிற்கும் தூய உடல் என்று ஒன்று இல்லை. இன்று கழுவிய குடல் நாளையே மலத்தை உண்டாக்கும். உண்டாக்காவிடில் அது நோயுற்ற குடல்.

இதனை நம் ஆசிரியர்கள் ஐயத்துக்கு இடமின்றிக் கூறியுள்ளனர். சிராவகரும் துறவியரும் எண்ணத்தக்க பன்னிரண்டு சிந்தனைகளுள் ஆறாவது அசுசி அனுப்பிரேட்சை. உடல் தூய்மையற்றது என்பதை இடைவிடாது எண்ணுதலே அது. நாலடியாரில் தூய்தன்மை என ஓர் அதிகாரமே இப்பொருள் பற்றி அமைந்துள்ளது. இவற்றின் நோக்கம் உடலைக் கழுவச் செய்வதன்று. கழுவினால் தூயதாகும் என்னும் நப்பாசையை விடச் செய்வது. ஆகவே குடலைத் தூயதாக்கப் பொடி வாங்குபவர் அசுசிச் சிந்தனையைப் பின்பற்றுவதாக எண்ணினால், அவர் அதனைத் தலைகீழாகப் பற்றியவராவர். உடலையே தானென்று கொண்டவருக்குத்தான் உடலின் அழுக்குத் தன் அழுக்காகத் தோன்றும்.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், ஆற்றிலும் கடலிலும் மூழ்குவதால் புண்ணியம் வருமென்று நம்புதலை உலக மயக்கங்களுள் ஒன்றாக வைத்தார். புறத்தே நீராடி அகத்தின் மாசு நீக்கலாம் என்பது பழைய மயக்கம். உள்ளே நீர் பாய்ச்சி வாழ்வின் சோர்வையெல்லாம் நீக்கலாம் என்பது புதிய மயக்கம். நீர் பாயும் இடம் மாறியதேயன்றி மயக்கம் மாறவில்லை. அளவின்றி உண்டு, பின் பேதியால் கழித்து, மீண்டும் அளவின்றி உண்பவர் எதனைத் தூய்மை செய்தார்? பத்து அறங்களுள் ஒன்றான சௌசம் என்னும் தூய்மைக்கு நம் நூல்கள் கூறும் பொருள் அவாவின்மை. அவா இருக்கும் இடம் நாவேயன்றிக் குடலன்று.

நோன்பும் அருவருப்பும்

உண்ணாநோன்பைக் குடல் கழுவும் வழியாகப் போற்றுவதில் மற்றொரு கேடும் உண்டு. நோன்பு புறத்தவங்களுள் முதலாவது. அதன் பயன் பொறிகளை அடக்கலும், அகத்தவத்துக்கு இடமளித்தலும், வினை உதிர்தலும். எடை குறையும், முகம் பொலியும், நஞ்சு நீங்கும் என்று எண்ணி நோற்பவர் உடலின்பால் பற்றையே வளர்க்கின்றார்; பற்று வளருமிடத்தில் உதிர்ப்பு எங்ஙனம் நிகழும்? நோன்புக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணி இத்தகைய காரணங்களை இளைஞரிடம் கூறுவோர் ஒன்றை உணர்தல் வேண்டும். நாளை அவ்விளைஞர் மருத்துவம் பயின்று அக்காரணம் பொய்யென அறிந்தால், நோன்பையும் பொய்யென்று விட்டுவிடுவர். நோன்பு தன் காலிலேயே நிற்கட்டும். அதற்கு வணிகரின் ஊன்றுகோல் வேண்டா.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று வெறுப்பின்மை. வடமொழியில் நிர்விசிகித்சை என்பர். இதற்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னன் வரலாறு கூறப்படும். அவன் உறுதியைச் சோதிக்க வந்த தேவன் ஒருவன், நோயுற்ற முனிவர் வடிவில் உணவேற்று, உண்டதையெல்லாம் வாந்தியாகக் கக்கினான். மன்னனும் தேவியும் அருவருக்கவில்லை. தாம் அளித்த உணவால் முனிவர்க்குத் தீங்கு வந்ததோ என்று வருந்தி, தம் கையாலேயே தூய்மை செய்தனர். உடல் இயல்பாகவே தூய்மையற்றது என்று தெளிந்தவருக்கு உடலின் கழிவு அதிர்ச்சி தராது. அங்கே பரிவு ஒன்றே எழும். குடல் கழுவும் விளம்பரங்களோ இதற்கு நேர்மாறானவை. முதலில் அருவருப்பை ஊட்டுகின்றன. பின்னர் அச்சத்தை ஊட்டுகின்றன. அதன்பின் பொருளை விற்கின்றன.

இந்த அருவருப்பால் உயிர்கள் போகின்றன என்பதை நம் குடும்பங்கள் உணர வேண்டும். நம் இல்லங்களில் மூத்த பெண்டிர் பலர் மலம் பற்றிய குறையை மக்களிடம் கூட வாய்விட்டுச் சொல்லார். மலத்தில் இரத்தம் கண்டால் சூடு என்பர், மூலம் என்பர். குடலில் அழுக்கு மிகுந்தது என்று தாமே ஒரு பேதி மருந்தை உண்டு மாதங்களைக் கழிப்பர். மலத்தில் இரத்தம், பல வாரங்களாக மாறிப்போன மலப்போக்கு, காரணமின்றி மெலிதல், இரத்தசோகை ஆகிய இவை குடற்புற்று நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. பொடி உண்டு கழித்த ஆறு மாதங்களை எந்த மருத்துவராலும் திருப்பித் தர இயலாது. பெற்றோரின் உடல்நிலையை வினவும் மக்கள், பசியையும் தூக்கத்தையும் கேட்பது போல இதனையும் கூசாமல் கேட்க வேண்டும். உத்தாயணன் வரலாற்றை நாம் படிப்பதன் பயன் இதுவே.

செய்யத்தக்கன

மலச்சிக்கல் மெய்யான துன்பம், முதுமையில் மிகுதி. அதற்குரிய வழிகள் எளியவை. நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பெரியோர்க்குக் கூறுகின்றது. கம்பும் கேழ்வரகும் சாமையும், தோல் நீக்காத பயறும், அவரையும் கொத்தவரையும் புடலையும் வாழைத்தண்டும் நம் அடுப்படிக்குப் புதியனவல்ல. மழைக்காலத்தில் கீரையை விலக்குவோர் பயற்றைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். அத்திப்பழம் உண்ணுமாறு எவரேனும் கூறினால், ஐந்து பால்மரக் கனிகளை விலக்கிய நாம் அதனை நாட வேண்டியதில்லை. அதிலுள்ள நார் வேறு உணவிலும் உண்டு. இரவில் நீரும் அருந்தா ஒழுக்கமுடையோர், குறிப்பாக எழுபதைக் கடந்த நம் போன்றோர், பகலிலேயே வடிகட்டிக் காய்ச்சிய நீரைப் போதுமான அளவு பருகிவிட வேண்டும். நாள்தோறும் நடத்தலும், உந்துதல் தோன்றும்போது அடக்காமையும் நன்று. இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மருந்துகள், தைராய்டுக் குறைவு ஆகியவற்றாலும் சிக்கல் உண்டாகும். ஆதலின் நீடித்தால் மருத்துவரையே கேட்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. ஆராயாத மருத்துவச் செய்தியைப் பிறருக்கு அனுப்புவதும் வாய்மை விரதத்தோடு தொடர்புடையதே. நல்லெண்ணத்தால் அனுப்பினோம் என்பது அதன் விளைவை மாற்றாது. கேட்டவர் அதனை நம்பி மருத்துவரை நாடாது விட்டால் அத்துன்பத்தில் நமக்கும் பங்கு உண்டு. பெறும் செய்தியை நிறுத்தி, இது மெய்யா, யாருக்கு ஊதியம் என்று வினவுதல் இக்காலத்துச் செறிப்பு எனலாம்.

உடல் அறம் செய்தற்குக் கிடைத்த கருவி. அதற்கு உணவும் ஓய்வும் மருந்தும் அளவோடு தந்து, அதன் பணியைச் செய்ய விடுவோம். கழுவத்தக்க மாசு வேறிடத்தில் உள்ளது. அது சினமும் செருக்கும் வஞ்சமும் அவாவும் ஆகும். அதனைக் கழுவும் நீர் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

வளர்க அறம்.